ஸ்டுப்பிட் இல்லாத நாள்

தம்போய் ஊரில் நான் வேலை செய்யும் கார் பட்டறையில் முதலாளி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டேய் ஸ்டுப்பிட், ஸ்பேனர் எங்கடா?" என்பார். இன்று காலை, "தம்பி, அந்தப் பெரிய ஸ்பேனர கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றார். ஸ்பேனர் பெட்டியைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்தேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், ரெங்கம் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்குப் பால்மரம் சீவும் வேலை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அவரைத் தினமும் திட்டும் அதே சொல், ரப்பர் பால் வாடையோடு தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வீட்டுக்கும் வந்துவிடும்.

"இந்த ஸ்டுப்பிட் மழ விடாது போல. ஸ்டுப்பிட் அடுப்பு, நல்லா ஊதுடி" என்பார் அப்பா.

"வந்துட்டாரு இங்கிலீஷ் தொர" என்று அம்மா சிரிப்பாள்.

ஒரு மதியம் ஈர விறகு புகைந்து வீட்டில் எல்லோருக்கும் கண் எரிந்தது. உள்ளே வந்த அப்பா அடுப்பைத் திட்டவில்லை. அம்மா ஊதுவதை நிறுத்தினாள்.

"கிராணி என்ன சொன்னாரு?"

"இன்னிக்குத் திட்டலடி. நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரு."

அந்த மாதக் கடைசியில் அப்பாவுக்கு வேலை போய், வீட்டைக் காலி செய்தோம். அதோடு என் பள்ளிக்கூடமும் நின்றது. பிறகு ஊர் ஊராக வேலைதான்.

இன்று பட்டறையில், முதலாளி ஒரு தடவையாவது திட்டட்டும் என்று, வேண்டுமென்றே சின்ன ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"பரவால்ல தம்பி," என்றார். "நானே எடுத்துக்கிறேன்."