கிழ மரத்துக் குச்சியும் மார்கழிக் குளிரும்

தை பிறந்து பத்து நாள் இருக்கும். வெள்ளிமலை தாண்டி ஒரு சரிவில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே முப்பது மாங்கன்றுகள். எல்லாம் நான் கொண்டுபோய்க் கொடுத்தவை. அதில் பத்தொன்பது கருகிக் கிடந்தன.

"வா தம்பி, உன் கன்னுங்க லட்சணத்தப் பாரு" என்றார் வள்ளியக்கா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா மலைக்காரர். அந்தச் சரிவில் வருஷாவருஷம் சாமை விதைப்பவர். போன ஆடியில் அதை நிறுத்திவிட்டு மாங்கன்று வைத்தார். யார் பேச்சைக் கேட்டு? என் பேச்சைத்தான்.

நான் அப்போது மலைக்குக் கீழே, சமவெளியில், ரிஷிவந்தியம் பக்கம் ஒரு நாற்றங்காலில் இருந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கு எந்த வேலை நிலைக்கும்? செங்கல் சூளை, கரும்பு வெட்டு, லாரி கிளீனர்... அப்புறம் இது. பகலில் மண் நிரப்புவது, ராத்திரி அங்கேயே சாக்கு விரித்துப் படுப்பது. குறையொன்றுமில்லை.

அங்கே ஒட்டுக் கட்டுவோம். கொட்டையில் முளைத்த செடியின் தலையை வெட்டிவிட்டு, நல்ல மரத்துக் குச்சியைச் செருகிக் கட்டுவது. நாங்கள் குச்சி வெட்டுகிற தாய் மரத்துக்கு அறுபது வயசு. "அறுபது வருஷ மழை, வெயில் பார்த்த மரம்கா... அதோட கன்னு எதையும் தாங்கும்" என்று அளந்தேன். நம்பித்தான் சொன்னேன் — அதுதான் கொடுமை.

மார்கழியில் கன்றுகள் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டன. முதல் பூவைக் கிள்ளிவிடச் சொல்லியிருந்தேன். அக்கா கிள்ளவில்லை.

"ஏன்கா?"

"மொதக் காய் சாமிக்கு. பூவையே கிள்ளிட்டா சாமிக்கு இன்னாத்த வெக்கிறது?"

இருந்த தெம்பையெல்லாம் பூவில் கொட்டிவிட்டு நின்ற கன்றுகள்மேல் பனி இறங்கியது. நுனி கருகியது. கருகல் தண்டு வழியே கீழே இறங்கிக்கொண்டே போனது.

அதே சரிவில், வரப்போரம் ஏழெட்டு மாங்கன்றுகள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன.

"இது யார் வெச்சதுக்கா?"

"யாரு வெச்சா? தின்னுட்டு வீசுன கொட்ட. வூட்டாண்ட ஒரு மரம் கீதே, அதோடது. அதுவே ரெண்டு வருசமாத்தான் காய்ச்சிக்கினு இருக்குது."

இளம் மரம். அதன் கொட்டையில் வந்த செடி பூக்க இன்னும் பல வருஷம் ஆகும். பூக்காமல், துளிர்க்காமல், குளிர் போகட்டும் என்று சும்மா இருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டையில் முளைப்பது மரத்தின் பிள்ளை. ஒட்டில் தழைப்பது பிள்ளை இல்லை... அந்தக் கிழ மரமேதான்! இளந்தண்டில் உட்கார வைத்தாலும் அதற்குப் பூக்கிற அவசரம் போகவில்லை. கீழே இருந்த வேரோ, மலைக் குளிரே அறியாதது. இதில் எது எவ்வளவு காரணம்? எனக்குத் தெரியாது. படித்தவர்கள் சொல்லட்டும்.

வயசு கூடினால் தாங்கும் சக்தியும் கூடும் என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். அனுபவசாலி என்றால் எந்த ஊரிலும் கொண்டுபோய் நட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். அந்த அனுபவம் எந்த ஊர் வெயிலில் கிடைத்தது என்று யாராவது கேட்கிறோமா?

"வேற பத்தொம்போது கன்னு எடுத்தாந்து தர்றேன்கா."

அக்கா ஒரு காய்ந்த கன்றைப் பிடுங்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கன்னு வேணாம். ஆனியில எங்க மரத்துக் கொட்டய நானே குழியில போட்டுக்கிறேன். ஒரு குளிரு தாண்டட்டும். அப்பால நீ வெறும் குச்சி மட்டும் எடுத்தாந்து இங்கயே கட்டு."

"இந்த வருஷம் சாப்பாட்டுக்கு?"

"ரேசன் அரிசிதான். இன்னா பண்றது?"

வரும் ஆடியில் குழிகளுக்கு இடையில் சாமையும் விதைக்கப்போகிறாராம். இந்தத் தடவை என்னிடம் யோசனை கேட்கவில்லை.

நல்லது.