கடுவருக்கு முழங்காலில் காது

எனக்கு வயது எழுபத்தொன்பது. வளர்த்தது ஐந்து. பெற்றது நாலு, இறந்துபோன தங்கச்சி விட்டுவிட்டுப் போனது ஒன்று. ஐந்தும் தலையெடுத்து நிற்கின்றன. இதை ஏற்கெனவே பல தடவை எழுதிவிட்டேன் என்று பத்திரிகைக்காரத் தம்பி சொல்வார். சொல்லட்டும். வளர்த்தது நான்தானே?

முழங்கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சும் விதம் எழுதி அனுப்பிய நாகர்கோவில் வாசகிக்கு நன்றி. தேய்த்தேன். வலி அப்படியே இருக்கிறது. மணம் நன்றாக இருக்கிறது.

போன புதன்கிழமை என் பேத்தி நித்யா சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்களுக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல இந்தப் பத்தியை டைப் அடிப்பவள் அவள்தான். என் மகள் வயிற்றுப் பேத்தி. அனிமேஷன் படிக்கிறாள். வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம் — வேறொரு கிரகத்தில் வாழும் போர்க்குலம் ஒன்றை உண்டாக்க வேண்டும். உடம்பு எப்படி, பழக்கவழக்கம் என்ன, சரித்திரம் என்ன... எல்லாம் படத்தோடு. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

எட்டிப் பார்த்தேன். கொம்பு. நகம். வாய் நிறையப் பல்.

"இதுக்கு எதுக்குட்டி இம்புட்டுப் பல்லு? என்ன திங்கும்?"

"அது... அறியில்ல ஆச்சி."

"சோறு என்னன்னு அறியாம எப்படிப் படை நடத்தும்?"

நித்யாவுக்கு என்மேல் கோபம் வந்தால் மலையாளத்தில்தான் வரும். வந்தது. நான் அதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை. ஆனால் என் வாயும் சும்மா இருக்கவில்லை. கடுவருக்குப் பல்லே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

"யாருக்கு?"

யாருக்கு? அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லி முப்பத்துநாலு வருஷம் ஆகிறது.

மணி என் கடைக்குட்டி. அப்போது அவனுக்குப் பதிமூன்று வயது. நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் மல்லியும் சீரகமும் புடைத்துப் பொட்டலம் மடிக்கிற வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவான். சாக்கு அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்து நோட்டில் எழுதுவான், வரைவான். எழுதியதெல்லாம் மலையாளம். பள்ளிக்கூடத்து மொழி அதுதானே? எனக்கோ தமிழே சாக்கில் அச்சடித்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. ஆகவே எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லுவான். நான் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பேன்.

அப்படிக் கேட்டதுதான் கடுவர்.

அவர்கள் உலகத்தில் மழை கிடையாது. நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை பெய்யும், அவ்வளவுதான். ஜூன் மாதத்து எடவப்பாதி மழைக்கு எங்கள் வீட்டில் நாலு இடத்தில் பாத்திரம் வைப்போம். அப்படி ஒழுகுகிற வீட்டில் படுத்திருந்த பையன் வேறு எப்படிப்பட்ட உலகத்தை உண்டாக்குவான்?

ஆள் அரைத் தென்னை உயரம். முதுகில் பலாப்பழத் தோல் மாதிரி முள். கை நாலு. பெரிய கை இரண்டும் சண்டைக்கு. நெஞ்சோடு ஒட்டி மடங்கியிருக்கும் சின்னக் கை இரண்டும் ஆயுதமே தொடாது. பிள்ளையைத் தூக்க, முகத்தைத் தடவ... அதற்கு மட்டும். ஒருவன் போரில் ஓர் உயிரை எடுத்துவிட்டால், சின்னக் கை ஒரு வருஷத்துக்கு மரத்துப்போகும். எத்தனை பெரிய வீரன் என்றாலும் அந்த ஒரு வருஷம் பிள்ளையைத் தூக்க முடியாது. பதிமூன்று வயதில் இதை எங்கே பிடித்தானோ.

பல் கிடையாது, வயிறும் கிடையாது. மணம்தான் சாப்பாடு. மல்லி வறுக்கிற மணம் இருந்தால் ஒரு படைக்கு ஒரு நாள் தாங்கும். சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த பிள்ளை அல்லவா?

காது முழங்காலில். தரை வழியாகத்தான் அவர்களுக்குச் சத்தம் கேட்கும். ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் மண்டியிட வேண்டும். அதனால் போர் தொடங்குவதற்குமுன் இரண்டு படையும் எதிரெதிரே மண்டியிட்டு, அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் சண்டை போட்டால் அது போர் இல்லை, திருட்டு.

சரித்திரம்? அவர்கள் ஒரே குலம்தான். எப்போதோ பெய்த மழையை எங்கே தேக்கி வைப்பது என்று சண்டை. மேட்டுக்கடுவர், பள்ளத்துக்கடுவர் என்று இரண்டாகப் போனார்கள். அடிபட்டு விழுந்த எதிரியை வீட்டுக்குத் தூக்கிப்போய்க் குணமாக்கித்தான் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சட்டம். இப்படியே பல தலைமுறை. கடைசியில் பாதிப் பேருக்கு எதிரியின் பக்கத்திலும் ஒரு அம்மா இருந்தாள்.

"அப்புறம் எதுக்குடா சண்ட?" என்று அன்றைக்கு நான் கேட்டேன்.

"நிறுத்த யாருக்கும் தெரியல்லம்மா."

இதையெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து சொன்னேன். நித்யா விடாமல் கேட்டு வரைந்தாள். முள் எத்தனை வரிசை? சின்னக் கைக்கு விரல் எத்தனை? எனக்கே ஆச்சரியம்... எல்லாம் நினைவிருந்தது. நேற்று வைத்த மாத்திரை எங்கே என்று கேட்டால் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வழக்கத்துக்கு வந்தோம். வீடு திரும்பும் வழக்கம்.

போருக்குப் போன கடுவன் திரும்பி வந்தால் நேராக வீட்டுக்குள் நுழையக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது. கூப்பிடவும் கூடாது. அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போவது வீரனுக்குக் குறைச்சல். வெளியே நிற்க வேண்டும். அம்மா உள்ளேயிருந்து குதிகாலால் தரையைத் தட்டுவாள். ஒவ்வோர் அம்மாவுக்கும் ஒரு தட்டு. அவன் மண்டியிட்டுக் கேட்பான். தன் அம்மாவின் தட்டுதான் என்று தெரிந்தால் உள்ளே வருவான். தட்டவில்லை என்றால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்.

"உன் தட்டு எப்படிம்மா?" என்று மணி அன்றைக்குக் கேட்டான். நான் புடைத்துக்கொண்டே காலால் தட்டினேன். இரண்டு வேகமாக, ஒன்று தாமதித்து. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

இதைச் சொல்லிவிட்டு, இன்றைக்கு இவ்வளவு போதும் என்றேன். நித்யா தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீர் இல்லை விஷயம்.

மணி கப்பலில் என்ஜின் வேலை பார்க்கிறான். அவன் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பண்ணலாம். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் போன் வரும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா... அவ்வளவுதான். விழிஞ்ஞத்தில் பெரிய கப்பல் வந்திருக்கிறது என்று ஒருநாள் என்னைக் கூட்டிப்போனார்கள். இதில் மணி இருப்பானா என்று கேட்டேன். கடலில் ஒரு கப்பல்தானா உண்டு என்று நித்யா சிரித்தாள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்டேன்.

கடைசியாக அவன் வந்தபோது கீழே கேட்டுக்கு வெளியே நின்றான். கையில் பை. பெல் அடிக்கவில்லை. நான் மாடி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரட்டுமே, நான் எதற்கு எழுந்து போக வேண்டும், பெற்றவள் நான் அல்லவா என்று அசையாமல் இருந்தேன். வெகு நேரம் நின்றான். பிறகு பெல் அடித்தான், வந்தான், இரண்டு நாளில் போய்விட்டான்.

நாற்பது வயதை நெருங்கிய ஆள் அதையா நினைத்துக்கொண்டு நின்றிருப்பான்? செருப்பு வாரைச் சரிசெய்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

சரி... இவ்வளவு சொன்னவள், நோட்டு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூட வருஷம் முடிந்தால், எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகளின் பழைய நோட்டெல்லாம் பொட்டலம் மடிக்கப் போய்விடும். கடையில் வேலை பார்க்கும் எல்லாப் பெண்களும் கொண்டுவருவார்கள். அந்த ஓணத்துக்குக் கடையில் கூட்டம் தாங்கவில்லை. காகிதம் தீர்ந்துவிட்டது. வீட்டில் கட்டிலுக்குக் கீழே ஒரு கட்டு இருந்தது. மலையாள எழுத்து; போன வருஷத்துப் பாடம் என்று நினைத்தேன். காலையில் கொண்டுபோனேன். மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் சீரகமாகவும் மல்லியாகவும் போய்விட்டது. கைவேகத்தில் காகிதத்தை யார் பார்க்கிறார்கள்?

மணி எனக்குச் சோறு கொண்டுவந்தான். கடை வாசலில் ஒரு அம்மா பொட்டலத்தோடு இறங்கிப் போனார். அவர் கைப் பொட்டலத்தின் காகிதத்தில் மண்டியிட்டு நிற்கும் ஒரு கடுவன்; அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மணி தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டு அந்த அம்மாவின் பின்னாலேயே போனான். நெடுந்தூரம் போனான். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. ஏன்டா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். எதிரே மடித்து வைத்திருந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பலாமுள் முதுகு...

அப்போதாவது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இன்றுவரை நான் என் வாயால் சொன்னதிலேயே மோசமான சொல் அதுதான்.

"பேப்பர்தானலே? வேற நோட்டு வாங்கித் தாரேன்."

வாங்கியும் கொடுத்தேன். அதில் கணக்குப் பாடம் எழுதினான். அவன் வீட்டுக்கு வராததற்கு அந்த நோட்டுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். பிழைப்பு இழுக்கிற இழுப்பும் இருக்கிறது. ஆனால் என்னிடம் கதை சொல்வதை அவன் நிறுத்தியது அன்றைக்குத்தான். மல்லி மணத்தோடு போனார்கள், அவன் கடுவர் பசியோடு போகவில்லை... இப்படி நினைத்து நானே என்னைத் தேற்றிக்கொள்வேன்.

நித்யா வெள்ளிக்கிழமை ராத்திரியே படங்களை மணி மாமாவின் போனுக்கு அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் பதில் வந்தது. குரல் பதிவு. பின்னால் என்ஜின் சத்தம்.

"படம் கொள்ளாம்டி, நல்லாருக்கு. ஆனா மண்டி போடும்போ எடது காலாக்கும் முன்னால வரும். நீ வலது போட்டிருக்க." அப்புறம் இதையும் கேட்டான். "இதொக்க அம்மை சொன்னதா? அம்மைக்கு இதொக்க ஓர்மை உண்டா?"

இத்தனை வருஷத்தில் சாப்பிட்டாயா என்பதைத் தவிர அவன் என்னைப்பற்றிக் கேட்ட முதல் கேள்வி, எனக்கு நினைவிருக்கிறதா என்று.

நித்யா போனை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். உண்டு மக்ளே, எல்லாம் ஓர்மை உண்டு என்று சொல்லியிருக்கலாம். தப்பு என்மேல்தான் என்று சொல்லியிருக்கலாம். ஐந்தை வளர்த்தவள், வாரா வாரம் உங்களிடம் இவ்வளவு பேசுகிறவள், என்ன சொன்னேன் தெரியுமா? உடம்பைப் பார்த்துக்கோ என்றேன்.

போர் எப்படி முடிந்தது என்று நித்யா கேட்டு அனுப்பினாள். அதற்கு வந்த பதில் இன்னும் சின்னது. "அது கடைசி நோட்டு. அம்மைகிட்ட வாசிச்சுக் காட்டல்ல."

அத்தோடு போன் அடங்கிவிட்டது. கப்பல் நடுக்கடலுக்குப் போயிருக்கும்.

இன்று ஞாயிறு. நாளைக்கு அவள் ஒப்படைக்க வேண்டும். சரித்திரத்துக்கு முடிவு இல்லாவிட்டால் மார்க் குறையும், நானே ஒரு முடிவு எழுதிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தப் பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள். இடது காலையும் முன்னால் கொண்டுவந்துவிட்டாள்.

எனக்கு அந்த முடிவு வேண்டும். ஆனால் போனில் வேண்டாம். என் எதிரில் உட்கார்ந்து அவன் சொல்ல வேண்டும். சாக்கு அடுக்கு இல்லை; நாற்காலி இருக்கிறது. நிறுத்தத் தெரியாத அந்த இரண்டு கூட்டத்துக்கும் யார் நிறுத்தக் கற்றுக்கொடுத்தது? பதிமூன்று வயதில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுபத்தொன்பதில் எனக்குத் தெரியவில்லை.

வாசகர்களே, இதற்குமேல் உங்களுக்கு இல்லை.

நித்யா, அந்தப் போனை எடு. மாமாவுக்குக் குரல் பதிவு போடுவாயே, அதை அமுக்கு. எனக்கு நேரே நீட்டாதே. தரையில் வை. கீழ்வீட்டு டீச்சர் என்ன நினைத்தாலும் சரி. மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன், நீ என் தோளைப் பிடி... இரண்டு வேகமாக. ஒன்று தாமதித்து.

ஆச்சு. வலி இருக்கட்டும்.

போனை எடுக்காதே மக்ளே, பதிவு ஓடட்டும், தரையிலேயே கிடக்கட்டும். இனி நீ எழுதினதை முதலிலிருந்து வாசி. மெதுவாக வாசி... நான் மட்டுமா கேட்கிறேன்?