அட்டையில் எழுதி வைத்த பழைய நம்பர்

பிள்ளைகளா, இது உங்கள் இருவருக்கும். பெரியவளே, நீ கல்லூரியில் ப்ராஜெக்ட் காட்டப் போன அந்தக் காலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சின்னவளே, அன்று நீ செய்த கிண்டல் மட்டும் உனக்கு நினைவிருக்கும்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் காசிமேட்டில் எனக்கு வேலை அதிகம். எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததையும் தேயப்போவதையும் மாற்றிவிடுவோம். பழைய சாமானோடு படகைக் கடலுக்கு அனுப்பினால் அது ஃபிட்டருக்கு அவமானம்.

முந்தின நாள் சாயங்காலம் நீ குளிக்கப் போயிருந்தாய். லேப்டாப் திறந்தே இருந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. இது பழைய பதிப்பு, புதியது வந்திருக்கிறது, மாற்றலாமா என்று கேட்டது. எட்டாவது படித்த என் இங்கிலீஷுக்கு அவ்வளவு புரிந்தது. நாளைக்குப் பரீட்சை, பிள்ளை பழைய சாமானோடு போகலாமா? மாற்று என்று அழுத்திவிட்டு, உனக்குப் பெரிய உதவி செய்த நினைப்பில் டீ குடிக்கப் போனேன்.

காலையில் உன் ப்ரோகிராமைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாய். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"நேத்து வரிக்கும் ஓடிச்சே நைனா! நான் எங்கியோ தப்பு பண்ணிக்கிறேன்."

"இன்னாக்கா, உன் ப்ராஜெக்டுக்கும் தடைக்காலமா?" என்றாய் நீ, சின்னவளே.

அக்கா சிரிக்கவில்லை. பதினொரு மணிக்குக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் நாலு மாத உழைப்புக்கு மார்க் கிடையாது.

பெரியவளே, நீதான் எனக்கு விளக்கினாய். வெளியிலிருந்து எந்தெந்தப் பொருளை, எந்தப் பதிப்பில் எடுக்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதியிருக்குமாம். அதில் ஒன்று மட்டும் புதிதாகிவிட்டது, மற்றவை அதோடு ஒத்துப்போகவில்லை. "பழைய நம்பர் இன்னான்னு ஞாபகமே இல்ல. எனுக்கு அறிவே இல்ல நைனா," என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

அந்த நம்பர் என் சட்டைப்பையில் இருந்தது.

எங்கள் தொழிலில் எதைக் கழற்றினாலும் அதன் அளவை எழுதி வைக்காமல் புதியதை மாட்டமாட்டோம். கழற்றியதைத் தகர டப்பாவில் போட்டு வைப்போம். படகு முதல் தடவை கடலுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பும்வரை எறியமாட்டோம். அந்தப் பழக்கத்தில், அழுத்தும் முன் பெட்டியில் தெரிந்த பழைய நம்பரை எஞ்சின் மூட்டில் வைக்கும் கேஸ்கெட் அட்டைத் துண்டு ஒன்றில் எழுதியிருந்தேன். எடுத்துக் கொடுத்தால் என் வேலைதான் என்று தெரிந்துவிடும். சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டேன். நீ மறுபடி உன்னையே திட்டிக்கொண்டபோது தாங்கவில்லை.

"நீ இல்ல கண்ணு. நான்தான் மாத்தினேன்."

அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். "யோவ் நைனா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாய். "சரி, படி."

"எட்டு, புள்ளி, ஒண்ணு, புள்ளி, சைபர்."

ஓட்டினாய். மறுபடி சிவப்பு. நான் அழுத்தியதில் இன்னொரு ஃபைலிலும் ஒரு நம்பர் மாறியிருக்கிறது. "எதுக்கு எது ஜோடின்னு நெட்ல லிஸ்டு கீது," என்று தேடிப் பிடித்து அதையும் திருத்தினாய். கீழே ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை வந்தது.

"இனிமே என் லேப்டாப்பத் தொட்டே, உன் ஸ்பானர் எல்லாத்தியும் கடல்ல வுட்டுடுவேன்," என்றாய். சொல்லிவிட்டு என் தோளில் ஒரு நொடி தலையைச் சாய்த்துக்கொண்டாய்.

நீங்கள் இருவரும் திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு ஓடினீர்கள். வீட்டில் யாரும் இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன் அந்த அட்டையைத் துடைத்து, என் வேலைப் பையில் இருந்த தகர டப்பாவில், கழற்றி வைத்த போல்டுகளுக்கு மேலே வைத்து மூடினேன்.