அக்கா வரைந்த பதின்மூன்று நாய்கள்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவருடைய புத்தகம் எப்படிப் பிறந்தது என்று முழுவதும் அறிந்தவர்கள் நானும் அவர் மகள் கயல்விழியும் மட்டுமே. எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த நாட்களின் பரபரப்புதான் மறுபடியும் தொற்றிக்கொண்டது.

அக்கா பிறந்தது இராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதுகில் அடிபட்டு அவர் படுத்துவிட்டபோது அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. கடைசித் தேர்வு எழுதிய மறு வாரமே வேலைக்குப் போனார். என்னைத் தையல் படிக்க வைத்துத் திருவொற்றியூரில் கடை வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். மணமாகி எண்ணூர் போனார். மாமா காய்ச்சலில் காலமானபோது கயல்விழிக்கு நான்கு வயது. அதன்பின் கடைசி வரை, ஒரு கன்டெய்னர் யார்டின் வாசல் அறையில் உட்கார்ந்து, உள்ளே வரும் டிரெய்லர்களுக்கு கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார்.

யார்டில் லாரிகளுக்குச் சமமாக நாய்களும் இருந்தன. அக்காவுக்கு நாய் என்றால் பயம். ஒருநாள் மஞ்சள் நாய் ஒன்று எடை மேடையில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. லாரிகள் வரிசையில் நின்றன. கம்ப்யூட்டரும் மக்கர் செய்தது. செய்ய வேறு வேலையில்லாத அக்கா, வீணான கேட் பாஸின் பின்பக்கத்தில் அந்த நாயை வரைந்தார். கீழே ‘எ - எடைமேடை’ என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். டிரைவர்கள் இறங்கி வந்து பார்த்துச் சிரித்தார்கள்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. லாரி அச்சுக்கடியில் தூங்கும் நாய் ‘அச்சாணி’. மெக்கானிக் ஷெட்டில் பிறந்து கருத்துப்போனது ‘ஆயில்’. நெட்டுக்குப்பத்தில் இறால் தலை மட்டுமே தின்னும் வெள்ளை நாய் ‘இறால்’. மேலே ஒன்று, கீழே இரண்டு என்று சுருண்டு படுத்த மூன்று குட்டிகள் ‘ஃ’. வரைவதற்காகப் பக்கத்தில் போய்ப் போய், பயம் எப்போது விட்டது என்று அவருக்கே தெரியவில்லை.

வியாசர்பாடியைச் சேர்ந்த டிரைவர் பாஷா பாய்தான் முதலில் கேட்டவர். “யக்கா, இத்த ஒரு புக்கா போடேன். எம் பொண்ணு அ-ன்னா எழுதவே மாட்டேங்குது. இந்த நாயிங்கள பாத்தா எழுதும்.”

அக்காவும் நானும் படங்களை எடுத்துக்கொண்டு ஒரு பதிப்பகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “தெரு நாயை யாரும்மா வாங்குவாங்க? யானை, மயில் சேருங்க. இல்லேன்னா நல்ல ஜாதி நாயாவது போடுங்க.”

“அப்ப இதுங்கல்லாம் கெட்ட ஜாதியா சார்?” என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்துவிட்டார்.

கயல்விழிதான் வழி சொன்னாள். இணையத்தில் ஒரு பக்கம் திறப்பது. புத்தகம் வேண்டுவோர் முன்பணம் கட்டுவது. முப்பது நாளில் இலக்கை எட்டினால் அச்சுக்குப் போவது. எட்டாவிட்டால் எல்லாப் பணமும் கட்டியவர்களுக்கே திரும்பிவிடும். அக்கா கண் விரிய, “அப்போ ஊரே சேந்து புக்கு போடுதுன்னு சொல்லு!” என்றார்.

அந்த மாதம்தான் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன என்று தெரிந்தது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அந்த இணையப் பக்கத்தில் போடும் வீடியோவில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் பணம் சீக்கிரம் சேரும் என்றேன் நான். அக்கா என்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் கண்டதில்லை.

“என் நோவ காட்டி நாய விக்கணுமா? நாயிங்கள புடிச்சிருந்தா குடுக்கட்டும். எம்மேல பாவப்பட்டு ஒருத்தனும் குடுக்க வேணாம். வெளிய சொன்ன, அப்புறம் உங்கிட்ட பேச மாட்டேன்.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் வீடியோவில் அக்கா எழுதி வைத்துப் படித்தார். ரயில் நிலைய அறிவிப்புபோல் இருந்தது. பத்து நாளாகியும், சேர்ந்த பணத்தைக் காட்டும் பச்சைக் கோடு பக்கத்தில் நகரவேயில்லை. ஒருநாள் அவர் பாஷா பாயிடம் படங்களைக் காட்டிப் பேசியதைக் கயல்விழி தெரியாமல் படம் பிடித்தாள். “இது ஆயிலு. எத்தினி தபா குளிப்பாட்டினாலும் இதே கலருதான். இன்னா தெனாவட்டா நிக்கிது பாரு!” அதைப் போடக் கூடாது என்றார் அக்கா. “நம்ம பேச்ச கேட்டா சிரிப்பாங்கடி.”

“சிரிக்கட்டும்மா. சிரிக்கத்தானே புக்கு?”

சிரித்தார்கள். சிலர் கேலியாக, பலர் ஆசையாக. பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது! நாய் கடித்த குழந்தையின் தாய் ஒருவர் மட்டும், ‘உங்களுக்கு விளையாட்டு, எங்களுக்கு ஊசி’ என்று எழுதினார். மறுநாள் அக்கா, “அந்தம்மா சொல்றது நாயம்” என்று ஒரு பக்கம் கூடுதலாக வரைந்தார். நாய் குரைத்தால் ஓடாமல் எப்படி நிற்பது, கடித்தால் உடனே என்ன செய்வது என்று சொல்லும் பக்கம் அது.

அ முதல் ஃ வரை பதின்மூன்று எழுத்துகளில் மிச்சம் ஒன்றே ஒன்று, ஔ. அதற்கு நாய் கிடைக்கவில்லை. முகத்துவாரக்குப்பத்தில் ஒரு நாய் குரைக்காது, பாடும் என்று யாரோ சொல்ல, டயாலிசிஸ் முடிந்த மறுநாளே அக்கா ஆட்டோ பிடித்துவிட்டார். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கரையைக் காட்டினார். “அதோ கீது பாரு. கம்பெனி சங்கு ஊதனா போதும், இதுவும் கூடவே ஆரம்பிச்சிரும்.”

மணலில் உட்கார்ந்து காத்திருந்தோம். சங்கு ஊதியது. அந்தப் பழுப்பு நாய் கழுத்தை வானத்துக்கு நீட்டி, “ஔ...ஔ...” என்று இழுத்தது. அக்கா மணலைத் தட்டிவிட்டு எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். “கெடச்சிருச்சுடி! ஔவே கெடச்சிருச்சு!”

கடைசி நாள் மாலை ஆறு மணியோடு பக்கம் மூடிவிடும். மதியம் நானும் கயல்விழியும் அக்காவின் வாசல் அறையில் உட்கார்ந்து பார்த்தால், கோட்டில் விரற்கடை அளவு வெள்ளை மிச்சம். இரண்டு மணி நேரமாக அது அசையவில்லை. அக்கா பாஸ் போட்டுக்கொண்டே இருந்தார், எழுத்து கோணியது. பாஷா பாய் வந்து விஷயத்தைக் கேட்டார். “இதுக்கா பேஜாராயிகினு கீற?” என்று வெளியே போய், வரிசையில் நின்ற ஒவ்வொரு லாரியாகக் கதவைத் தட்டினார்.

டிரைவர்கள் ரொக்கத்தோடு வந்தார்கள். நாங்கள் வாங்கி அவரவர் சொன்ன பெயரில் செல்போனில் கட்டினோம். ஒருவர் மகன் பெயரை இந்தியில் சொன்னார், ஒருவர் தெலுங்கில். தமிழே தெரியாத ஒருவர் ‘எடைமேடை’ படத்தைக் காட்டி, தன் லாரியையும் காட்டி, இதனால் அரை நாள் நின்றேன் என்று சைகை செய்து சிரித்துக்கொண்டே பணம் கொடுத்தார். ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கோடு முழுப் பச்சையானது. கயல்விழி அலறினாள். லாரிகள் ஒன்றுசேர ஹாரன் அடித்தன. யார்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

புத்தகக் கட்டுகள் என் தையல் கடைக்கு வந்து இறங்கின. முதல் பிரதியை அக்கா திறந்து பார்க்கவேயில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன்பின் ஐந்து மாதங்கள் இருந்தார். கை வீங்கிய நாட்களிலும் கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்திட்டார். கடைசி வாரம் மருத்துவமனைப் படுக்கையில், “க-வுக்கு மாதவரம் பால் கடையாண்ட ஒண்ணு கீதுடி” என்றார். மூன்றாம் நாள் தூக்கத்திலேயே அமைதியடைந்தார்.

அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், விடுப்பு கொடுத்து ஆதரித்த யார்டு நிர்வாகத்துக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த டிரைவர் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புத்தகத்துக்குப் பணம் கட்டிய உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அக்கா அப்போது நோயாளி என்பது உங்களில் பலருக்கு இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதுதான் தெரிந்திருக்கும். அவருக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன், மன்னிக்கட்டும். அவர் ஒருநாளும் உங்கள் இரக்கத்தைக் கேட்கவில்லை. நீங்களும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. அந்த நாய்கள் உங்களுக்குப் பிடித்துப்போனதால் கொடுத்தீர்கள். அதற்காகத்தான் இந்த நன்றி.