வெள்ளிக்கிழமைச் சுண்டல்

எண்பதுகளில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் வேலை பார்த்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் போவேன். மூளையில் ஊறும் ஓர் இரசாயனம்தான் கவனத்தைப் பிடித்து வைக்கிறது, கற்றதைத் தங்க வைக்கிறது என்று அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்தார். விளக்கு எரிந்ததும் எலி கட்டையை அமுக்கினால் தீனி விழும். வலப்பக்கக் கூண்டு எலிகளுக்கு அந்த இரசாயனத்தைக் குறைக்கும் ஊசி. இடப்பக்கத்துக்கு வெறும் உப்புத்தண்ணீர். வெள்ளிக்கிழமை சோதனை என்றால் வியாழன் முழுக்கப் பட்டினி. பசித்தால்தான் கற்குமாம்.

வெள்ளி காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்குப் போவேன். கையில் சுண்டல் இருக்கும். பசித்த ஜீவன் முன்னால் பிரசாதத்தோடு எப்படிச் சும்மா நிற்பது? மருந்து ஏறிய எலிகளுக்குக் கொடுக்கப் பயம். இடப்பக்கத்துக்கு மட்டும் ஆளுக்கு நாலைந்து கடலை போட்டேன்.

மனைவி கேலி செய்தாள். “பிள்ளையாரு எலி ஒண்ணு போதாதுன்னு ஊசி போடுற எலிக்கும் பூசையா?”

மூன்றாவது வெள்ளி, டாக்டரம்மா முகம் இறுகியிருந்தது.

“உப்புத்தண்ணி போட்ட எலிகூட கட்டைய திரும்பிப் பாக்கல அங்கிள். மண்டே எல்லாத்தோட மூளையையும் எடுத்துப் பாத்துடணும்.”

“எடுத்துன்னா… டாக்டர்?”

அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. சந்நிதியில் கொடுத்த சுண்டலையும் வாங்காமல் வந்துவிட்டேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அத்தனை உயிரும் போகும்.

திங்கள் காலை சொல்லிவிட்டேன்.

“எத்தனை வாரம்?”

“மூணு வெள்ளி, டாக்டர். பாவம், பசிக்குதேன்னுதான்…”

பேனாவைக் கீழே வைத்தார். “முதல்லயே சொல்லியிருக்கலாம்லா.”

“இப்ப அதுங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சு போச்சே. விட்டுடலாம்ல?”

“கெட்டுப்போன எலிய வச்சிக்கிட்டு நான் என்ன அங்கிள் செய்ய? வேற புதுசு வரணும்.” சத்தம்கூட உயர்த்தவில்லை. “இடப்பக்கத்தை முதல்ல கொண்டாங்க.”

முருகா என்று சொல்லிக்கொண்டே எலி அறைக் கதவைத் திறந்தேன். விளக்கையும் கட்டையையும் கண்டுகொள்ளாத அந்த எலிகள், என் காலடி கேட்டதுமே கம்பியருகே ஓடிவந்தன. இரண்டு காலில் எழுந்து நின்று, ஒன்று விடாமல் என் கையையே பார்த்தன.