மற்ற மீன்கள் பார்த்துக்கொண்டிருந்தன

என் அத்தாவுக்கு ராஜபாளையத்தில் ஆட்டுக்கறிக் கடை. அதனால், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பிளஸ் டூ படித்தபோது, விலங்கியல் லேபில் மீனை அறுக்கும் நாளன்று எல்லோரும் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

மேசையில் ஒரு தட்டில் மீனும் கத்தியும் இருந்தன. பக்கத்திலேயே ஒரு வாளியில் கண்மாய் மீன்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. கத்தியை எடுத்துவிட்டேன். அறுக்கக் கை வரவில்லை. ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னோர் ஆட்டை அத்தா அறுக்கவே மாட்டார். கத்தியைக்கூட அதன் கண்ணில் காட்டமாட்டார்.

"டீச்சர், மத்த மீனெல்லாம் பாத்துக்கிட்டிருக்கு. என்னால ஏலாது" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "ஏட்டி, நேத்துகூட டிபன் பாக்ஸ்ல கறிதான கொண்டாந்த?" என்றாள் என் தோழி. அவள் கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மேசைத் துணியை எடுத்து வாளியை மூடினார். "அவ பதில் சொல்ல வேண்டாம். வேற யாருக்கெல்லாம் அறுக்க மனசில்ல? படம் வரைஞ்சு பாகம் குறிங்க. மார்க்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

பிறகு ஒரு கை உயர்ந்தது. அது அந்தத் தோழியின் கை.

இன்றும் நான் கறி தின்கிறவள்தான். அவள் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவளையும் மதித்து, அந்த வாளியை மூடிய டீச்சரை நினைக்காத நாளில்லை.