என் ஆய்வில் இருந்த ஒரு பிழை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனதும் பட்டம் எடுத்ததும் நான்தான். இறுதி ஆண்டு ஆய்வுக்கு, மீன்பிடிக்கும் என் தந்தை அப்புவின் கடலையே எடுத்துக்கொண்டேன். கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டை நாங்கள் 'பார்' என்போம். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரே நேராக வைத்து எங்கள் ஆட்கள் அதைக் கண்டுபிடிப்பார்கள். அப்பு சொல்லச் சொல்ல, இருபத்திரண்டு பார்களின் அடையாளங்களை எழுதினேன்.

அடுத்த வருடம் துறையின் ஆய்விதழில் அந்த இருபத்திரண்டும் வந்தன. எழுதியவர் என்னை மேற்பார்வை செய்த விரிவுரையாளர். மூன்று பருவம் வள்ளத்தில் போய்த் தானே சேகரித்தாராம். என் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. நானோ துணை விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்தில் அந்த ஆய்வை நீட்டினால், நான்தான் அவரைப் பார்த்து எழுதியவள் ஆவேன்.

வீட்டில் அப்புவுக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். ஒன்பதாவது பார் வந்ததும் சிரித்துவிட்டார்.

"உப்பிடி ஒரு பார் இல்லை மோனை."

"நீங்கள்தானே அப்பு சொன்னனீங்கள்?"

"மற்றதெல்லாம் ஊருக்குத் தெரிஞ்சது. இது எங்கடை பார், கூடப்பிறந்தவனுக்கே சொல்லிறேல்லை. நீ கொப்பியிலை எல்லே எழுதினனீ. அதுதான் மாத்திச் சொன்னனான்."

எனக்குமா என்று ஆத்திரம் வந்தது. ஆனால் இல்லாத அந்தப் பார் என் ஆய்வைத் தவிர வேறெங்கும் இருக்க முடியாது. மறுநாளே துறைத் தலைவரிடம் போனேன்.

"அப்ப உம்மடை ஆய்விலை பிழை இருக்கெண்டு நீரே சொல்லுறீர்?"

"ஓம் சேர். அதே பிழை அவரின்ரை கட்டுரையிலையும் இருக்கு. கடலுக்குப் போனவர் இல்லாத பாரை எங்கை கண்டவர்?"

"சரியான இடம் எது?"

"அது சொல்லேலாது சேர். எங்கடை வீட்டுச் சோறு அது."

"நல்ல ஆராய்ச்சிதான்! சரி, எழுதித் தாரும்."

எழுதிக் கொடுத்தேன். நேர்முகத்தில் அந்தக் கடிதத்தை என் முன்னாலேயே வைத்து, தரவை நம்ப முடியாது என்றார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஒன்பதாவது பாரை நீக்கி வாசிக்க வேண்டும். அது எழுத்தறிவற்ற தகவலாளி ஒருவர் தந்த பிழையான தகவல். கீழே விரிவுரையாளரின் பெயர். வசனம் என் கடிதத்தினுடையது. 'என் தந்தை' என்று நான் எழுதிய இடத்தை மட்டும் மாற்றியிருந்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார் அப்பு.

"உங்களைப் பற்றித்தான்," என்றேன். வாசித்துக் காட்டவில்லை.